ஆட்டுக்குப் போடுகிற ஊசி

என் ஒட்டகக் குட்டியே, என் மகள் மேரிமுக்கு அப்பா எழுதுவது. மாஸ்கோவில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அம்மாவுக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல், முப்பத்தொன்பது டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில் பத்துக் குப்பி மருந்தைக் கொடுத்து, தினம் சாயங்காலம் ஒன்று, இடுப்புச் சதையில் போட வேண்டும், ஊரில் ஊசி போடத் தெரிந்தவர் யாரையாவது பிடியுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நம்ம ஊர் நர்ஸ் இலையுதிர் காலத்திலேயே பிஷ்கேக் பட்டணத்துக்குப் போய்விட்டாள், அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஊரே என்னைத்தான் பார்த்தது. நானூறு ஆட்டுக்கு ஒரே நாள்ல ஊசி போட்ட ஆளு, பொண்டாட்டிக்குப் போட மாட்டியா என்று கேட்டார்கள், நானும் மார்தட்டிக்கொண்டு போட்டேன்.

நாலு நாள் போட்டேன். இரண்டு பக்கமும் வாதுமைக் கொட்டை அளவுக்குக் கட்டி, சிவந்து கிடக்கிறது, தொட்டால் துடிக்கிறாள். என்னை மந்தையில சேர்த்துட்டியா கிழவா என்றவள், நாலாம் நாள் ஊசியைப் பார்த்ததும் மே என்று கத்திக் காட்டினாள், சிரிப்பு இருமலாகிவிட்டது. இப்போது அந்தக் கேலியும் நின்றுபோனது. நேற்றும் இன்றும் ஊசியைக் கிட்டேயே விடவில்லை, எம் பொண்ணு வந்து போடட்டும், இல்லேன்னா வேணாம் என்கிறாள். ஆறு குப்பி அப்படியே இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது மேரிம், அவள் மூச்சு விடுகிற சத்தம் முற்றத்தில் நின்றாலும் கேட்கிறது.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்கிற காலத்தில் நீ முதன்முதலாக ஊசி போட்டது எனக்குத்தானே. ஓநாய் கடிச்சாக்கூட இதைவிட மெதுவா கடிக்கும் என்று உன்னைச் சீண்டினேன். நீ அன்றைக்குப் புட்டத்தில் விரலால் சிலுவை மாதிரிக் கோடு போட்டாய், மேலே, வெளிப்பக்கத்து மூலையைத்தான் எடுத்தாய். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்தாய், கிள்ளித் தூக்கவில்லை. நான் ஆட்டுக்குச் செய்கிற மாதிரி தோலைக் கிள்ளித் தூக்கி, சாய்வாகக் குத்தி, சதைக்குப் போக வேண்டிய மருந்தைத் தோலுக்கடியிலேயே விட்டிருக்கிறேன். நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகக் கிள்ளிவிட்டது. பாவி, உன் அம்மாவை நானே இப்படிப் பண்ணிவிட்டேன்.

மருந்து கலக்குகிற தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, தோலை இழுத்துப் பிடித்து, நேராக என் தொடையில் போட்டுப் பார்த்தேன். போட்டு இரண்டு மணி நேரமாகிறது, இதுவரை வீங்கவில்லை. ஆனாலும் துணிச்சல் வரவில்லை. பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று நீ பார்த்ததாக ஞாபகம், அது எதற்கு? அந்தக் கட்டிகளை என்ன செய்வது, புது ஊசியை எங்கே போடுவது, விட்டுப்போன இரண்டு நாளுக்கு என்ன வழி? படம் வரைந்து அனுப்பு.

பனிப்புயலில் போன் கோபுரம் சாய்ந்து கிடக்கிறது. டிரைவர் எர்மெக் விடியற்காலையில் நாரின் டவுனுக்குப் போகிறான், அங்கிருந்து இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பி, உன் பதிலோடு சாயங்காலம் திரும்புவான். வேலையில் இருந்தாலும் போனை ஒரு தரம் பார்த்துவிடு. வேளைக்குச் சாப்பிடு, கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. நீ தொடுகிற நோயாளியெல்லாம் எழுந்து நடக்கட்டும், உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன் பதிலுக்காக வாசலில் நிற்கும் அப்பா,
ஜுமாடில்

மறந்துவிட்டேன். அம்மாவிடம் என் தொடையைக் காட்டினேன், தடவிப் பார்த்தாள். அப்படியே சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துவிட்டாள். ஊசி போட இடம் கொடுக்கிறாளா, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. சீக்கிரம் எழுது.