புள்ளி எழும்பாத தாள்

கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. இந்த மட்டமான தாளை உன் தலையில் கட்டிய கடைக்காரன் யார்? பிரெயில் புள்ளிகள் எழும்பவே இல்லை. எவ்வளவு தடவினாலும் வழவழவென்று வெறும் தாளாகவே இருக்கிறது. அடுத்த முறை தடித்ததாகப் பார்த்து வாங்கு.

உன் அம்மாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "நல்லாத்தானே குத்துது? எப்பவும் போலத்தான் இருக்கு" என்றாள். கண்ணால் பார்த்தே பழகியவளுக்கு விரலைப் பற்றி என்ன தெரியும்?

டீ விஷயத்தையும் அவள் உன்னிடம் போட்டுக்கொடுத்திருப்பாள். ஆறிய டீ என்று நினைத்து டம்ளரைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். அவள் கத்திய பிறகுதான் விரலில் கொப்புளம் இருப்பதே தெரிந்தது. டாக்டருக்கு எதற்கெடுத்தாலும் சர்க்கரைதான்.

அச்சகத்தில் பிரெயில் புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் வேலையையும் விட்டுவிட்டேன். அங்கேயும் இதே கடையில்தான் தாள் வாங்குகிறார்கள் போலிருக்கிறது.

ஆனால் உன் கடிதத்தை விடுவேனா? கதவைச் சாத்திக்கொண்டு, தாளை உதட்டில் வைத்து மெதுவாக நகர்த்தினேன். ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது. எனக்குப் பேரப்பிள்ளை வரப்போகும் செய்தியை அப்படித்தான் படித்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்துவிட்டாள். "லெட்டரைப் படிக்கிறீங்களா, கொஞ்சுறீங்களா?" என்று சிரித்தாள்.

குழந்தை பிறந்ததும் என் மடியில் கொடு. தாத்தா இப்படி ஓயாமல் முத்தம் கொடுக்கிறாரே என்று யாராவது சலித்துக்கொண்டால், நீ ஒன்றும் சொல்லாதே. நான் முகம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா