தமிழ் வாத்தியார் கட்சி மாறினார்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

இன்னைக்குக் காலேஜ் மைதானத்தில் மூச்சுப் பயிற்சிக்குப் படுக்க வைத்ததும் நான் குறட்டை விட்டுத் தூங்கிட்டேன். டிரில் மாஸ்டர் விசில் ஊதித்தான் எழுப்பினார்.

அப்புறம் கயிறு இழுக்கும் ஒத்திகை. ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழாவில் ஆபீஸ்காரங்க எங்களுக்கும் வாத்தியார்களுக்கும் போட்டி. எங்க கட்சி லேப் அட்டெண்டர் மாணிக்கம் ஆறு மாசம் காசநோய் ஆஸ்பத்திரியில் இருந்துட்டு நேத்துதான் வேலைக்குத் திரும்பினான். "குணமாயிடுச்சுன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாருண்ணே"ன்னு சீட்டை நீட்டிக்கினு நின்னான். அவன் கயிற்றைப் பிடித்ததும் பின்னாடி ஆளே இல்லை. நானும் நகர்ந்தேன், பொய் எதுக்கு?

எதிர்ப்பக்கத்திலிருந்து தமிழ் வாத்தியார் வந்தார். நாமம் போட்ட, கோயில் அர்ச்சகர் வீட்டு மனுஷர், வெளியில் தண்ணிகூடக் குடிக்க மாட்டார். வேட்டியை இறுக்கிக்கினு, மாணிக்கத்தின் முதுகை ஒட்டி நின்னு கயிற்றைப் பிடித்தார். "இழுடா மாணிக்கம், எனக்குப் பசிக்கறது."

"இன்னா சாமி, கட்சி மாறிட்டீங்க?"ன்னேன்.

"நீ வாயால இழுக்காதே. வந்து கையால இழு."

போனேன். எல்லாரும் வந்தாங்க. மாணிக்கம் கண்ணைத் துடைத்துக்கினான். இன்னா மனுஷன்யா அவர்!

விசில் ஊதினதும் கயிறு அறுந்தது. மாணிக்கம் சாமி மேலே, சாமி என் மேலே, நாங்க மொத்தமும் பின்னாடி போட்டிருந்த பிரின்சிபால் நாற்காலி மேலே. நாற்காலிக்கு இப்போ மூணு கால். பிரின்சிபால் அதில்தான் உட்கார்ந்திருந்தார்.