விளையாட்டுப் பாடத்துக்கு விழுந்த பூச்சியம்

ரிஸ்னாட வாப்பா,

உம்மாவப் பார்க்கப் போறன். சோத்துக்கு மீனாணம் அடுப்படியில இருக்கு, சூடாக்கித் தின்னுங்க.

ராவு றிப்போட்டப் பார்த்து, படிக்க மனமில்லாத புள்ள எண்டு மகள ஏசினீங்களே, காலையில டீச்சரிட்ட போய்க் கேட்டன். கற்றல் மனப்பாங்குக்கு ஒவ்வொரு பாடத்து டீச்சரும் அஞ்சுக்குப் புள்ளி போடுவாங்களாம். எல்லாத்தையும் கூட்டி, எத்தனை பாடமோ அத்தனையால பிரிக்கிறாங்களாம். மத்த எல்லாத்துலயும் அவளுக்கு அஞ்சு. விளையாட்டுக்கு மட்டும் பூச்சியம், அதுதான் கீழ இழுத்திருக்கு.

மைதானம் கடற்கரையில. புள்ள விளையாடாம, கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டுக் குந்தியிருக்காளாம்.

சுனாமிக்குப் பிறகு நாமளும் அந்தப் பக்கத்து ஜன்னலத் திறக்கல்லதானே.

மகள் குர்ஆன் ஓதிட்டு வருவா, ஏசாதீங்க.

இன்னொண்டு: கடல் கொண்டு போன அவட நானா, நம்மட மூத்த மகன் ஸஜாத்தப் பத்தி அவளோட கொஞ்சம் கதைங்க. அந்தப் பேர உங்கட வாயால கேட்டு எவ்வளவு காலம்.