கயிற்றுக்கு அந்தப் பக்கம்

டெட்ராய்ட்
1957 மார்ச் 4

என் டெஸ்ஸுக்கு,

நான் நலம். உன் கைச்சமையல் இல்லாமல் இளைத்துவிட்டேன், அவ்வளவுதான். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். ஏப்ரல் இருபதாம் தேதி சனிக்கிழமை நம் ஊரிலேயே, மேப்பிள் தெரு அரங்கத்தில் வாசிக்கிறோம். மறுநாள் ஈஸ்டர். எங்கள் பாண்டு பஸ் திங்கட்கிழமைதான் கிளம்பும். ஒன்றரை வருஷம் கழித்து நம் வீட்டில் படுக்கப்போகிறேன்.

எங்கள் பாண்டின் தலைவர் வெர்னல் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். கறுப்பர் ஒரு பக்கம், வெள்ளையர் ஒரு பக்கம் என்று பிரித்தால் வாசிக்க மாட்டோம். அரங்கத்துக்காரன் கையெழுத்துப் போட்டுவிட்டான். நடுவில் கயிறு கட்டமாட்டானாம். நம்ப ஆசையாக இருக்கிறது, நம்பிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக ஓர் இசை கட்டியிருக்கிறேன். பேருந்தில் வெள்ளைக்காரருக்காக இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்த நம் பெண்களை நினைத்துக் கட்டியது. பாட்டு வரி கிடையாது. என் சாக்ஸபோன் ஒரே சுரத்தில் நின்றுவிடும். பாண்டு முழுக்கச் சேர்ந்து அதைக் கிளப்பப் பார்க்கும். அது அசையாது. வெள்ளைக்காரர்கள் அதற்கும் ஆடுகிறார்கள். நம் ஆட்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். நீ கேட்க வேண்டும் டெஸ்.

உன் எல்மோர்


கார்வெல், அலபாமா
மார்ச் 27

எல்மோருக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடச் சமையலறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அந்த மும்முரத்தில் பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது. இந்த வயதில் இவளுக்கு வந்த கல்யாணக் களையைப் பார் என்று லூவினியா ஒரே கேலி.

அப்புறம் டிக்கெட் வாங்கப் போனேன். ஜன்னலில் இருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “உங்க ஆளுங்கல்லாம் கயித்துக்கு அந்தப் பக்கம். பின்வாசல் வழியா வரணும்” என்றாள். சாக்ஸபோன் வாசிப்பது என் புருஷன் என்றேன். “அப்படியா, அப்ப கயித்தை ஒட்டினாப்பல முதல் வரிசை தர்றேன்” என்றாள். உபகாரம் செய்கிறாளாம்.

இதை எழுதாமல் சில நாள் சும்மா இருந்தேன். எழுதினால் நீ வரமாட்டாய். வாயை மூடிக்கொண்டிருக்க எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? உன் சட்டைகளை எல்லாம் எடுத்து இஸ்திரி போட்டுவிட்டேன் எல்மோர். ஆனால் உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. கயிறு கட்டத்தான் போகிறார்கள்.

டெஸ்


சிகாகோ
ஏப்ரல் 8

டெஸ்,

ரத்து செய்துவிட்டோம். வேண்டாம் என்று முதலில் கை தூக்கியவன் நான்தான்.

ஆனால் ஏன்டி சொன்னாய்? நீ பேசாமல் இருந்திருந்தால் நாங்கள் ஊருக்கு வந்து இறங்கியிருப்போம். மேடை ஏறிக் கயிற்றைப் பார்த்திருப்போம், வாசிக்காமல் பெட்டியை மூடியிருப்போம். மானமும் போயிருக்காது, அன்றைக்கு நான் வீட்டிலும் இருந்திருப்பேன். இது உனக்குத் தோன்றவே இல்லையா? எனக்கு மனசே ஆறவில்லை.

இங்கே ஒரு கிளப்பில் ஆறு மாத வேலை கிடைத்திருக்கிறது. அறையும் பார்த்துவிட்டேன். ரயில் டிக்கெட் இத்துடன் இருக்கிறது. வந்துவிடு. இங்கே யாரும் உன்னைப் பின்வாசலுக்குப் போகச் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்கள்.

எல்மோர்


கார்வெல்
ஏப்ரல் 24

எல்மோர்,

தோன்றாமல் இருக்குமா? நீ மேடையில் பெட்டியை மூடுவதை நினைத்துப் பார்த்தேன். காசு கொடுத்து வந்து, குடித்துவிட்டு நிற்கிறவர்கள் அதைப் பார்ப்பதையும் நினைத்துப் பார்த்தேன். வாசலில் ஷெரீஃபின் போலீஸ் ஆட்கள் இருப்பார்கள். யாரை அடிப்பார்கள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டுமா? சாக்ஸபோன் வாசிக்க உனக்குப் பல் வேண்டும். எனக்கு நீ முழுசாக வேண்டும். ஒரு நாள் ஆசைக்காக உன்னைப் பறிகொடுக்க என்னால் முடியாது.

சனிக்கிழமை வேறு பாண்டைக் கூட்டிவந்தார்கள். கயிறும் கட்டினார்கள். லூவினியாவையும் சமையலறைப் பெண்களையும் கூட்டிக்கொண்டு நான் பின்வாசலில் போய் நின்றேன். ஏன் நிற்கிறீர்கள் என்று வந்தவர்கள் கேட்டார்கள். “எம் புருஷன் வாசிக்க வேண்டிய இடம். கயிறு கட்டுறாங்கன்னு அவர் வரல. நானும் உள்ள போகல” என்றேன். சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். நிறையப் பேர் எங்களோடு நின்றுவிட்டார்கள். அரங்கத்துக்காரன் வெளியே வந்து என் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு போனான். நேற்று பள்ளிக்கூடத்தில் இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வருகிற சனிக்கிழமையும் நிற்கப்போகிறோம். என்னை நம்பித்தான் மற்றவர்கள் வருகிறார்கள்.

ரயில் டிக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறேன். ஈஸ்டர் அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். உன்னைப் பார்க்கவேண்டும் போல அப்படித் தவிக்கிறது. ஆனால் கயிறு இருக்கிறவரை நீ இந்த ஊருக்கு வாசிக்க வரமாட்டாய். நானும் இப்போது கிளம்ப முடியாது.

என் மேல் கோபப்படாதே. யாராவது கேட்டால், பெண்டாட்டி வரமாட்டேன் என்றுவிட்டாள் என்று சொல்லாதே. ஊரில் அவளுக்கு வேலை இருக்கிறது என்று சொல்.

உன் டெஸ்