முழங்கைக்கு நாலு விரல் கீழே

என் ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், என் முழங்கால்தான் நலமில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் அழுதுகொள்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசி வரி வரை படித்துத்தானே ஆக வேண்டும்? அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் அம்மா போன வாரம் வீட்டைப் பார்க்க வந்திருந்தார். கூடத்தைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், முகம் மலர்ந்துதான் இருந்தது. அடுப்படி வாசலுக்கு வந்ததும் மூக்கைச் சுளித்து, "எங்க பொண்ணு மாடுலர் கிச்சன்லயே வளர்ந்தவ" என்றார். அடுப்படியிலா பெண்ணை வளர்த்தீர்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். கல்யாணத்துக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, அதற்குள் எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகப் போட்டுவிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினேன். நீ அனுப்பிய பணம் பத்திரமாக இருக்கிறது. அதற்காகச் சொன்ன விலைக்குத் தூக்கிக் கொடுக்க நான் என்ன ஏமாளியா?

நாலு கடை ஏறி இறங்கினேன். கடைசியில் போனது பெரிய கடை. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஏழு அடுப்படி வரிசையாக இருக்கிறது. ஏழிலும் பிளாஸ்டிக் ஆப்பிள். ஒரு குழாயிலும் தண்ணீர் வராது. டிராயர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். லேசாகத் தள்ளினால் போதும், மீதி தூரம் தானாகவே போய்ச் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. முதலாளி கொட்டேஷனைக் கொண்டுவந்து நீட்டினான். தொகையைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. ஆளைப் பார்த்ததும் சுற்றல் நின்றுவிட்டது. யார் தெரியுமா? நம் கூடத்து அலமாரியைச் செய்த தச்சன்!

நீ அப்போது படித்துக்கொண்டிருந்தாய், ஞாபகம் இருக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பத்தொன்பது நாள் நம் வீட்டில் இழைத்தான். கடைசி நாள் கூலி வாங்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்று, "உங்க பொண்ணை எனக்குக் குடுப்பீங்களா" என்று கேட்டான். "கூலிக்கு வந்தவன் கூலியோட போ" என்றேன். கேட்ட திமிருக்கு அரை நாள் கூலியையும் பிடித்துக்கொண்டேன். உன் அக்கா கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். இன்றைக்கும் மாதம் ஒரு தடவை அந்த அலமாரிக் கீலுக்கு எண்ணெய் போடுகிறாள். ஏன்டி என்றால், "கீல் கத்துதும்மா" என்கிறாள்.

அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கும் நரைத்துவிட்டது, கண்ணாடி வேறு. நான் வாயைத் திறக்கவில்லை. துருப்புச் சீட்டை முதல் ஆட்டத்திலேயே யாராவது இறக்குவார்களா? அடுத்த தடவை ஏணியை அழைத்துக்கொண்டு போகப் போகிறேன். உன் அக்காவை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். பார்க்க வந்தவன் எல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு ஓடிப்போன உயரம், வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவளுக்கும் பழகிவிட்டது.

அவளைப் பற்றி இன்னொன்று. உன் கல்யாணம் முடிந்ததும் எங்கேயாவது வேலைக்குப் போகிறேன் என்று புதிதாக ஆரம்பித்திருக்கிறாள். முப்பத்தெட்டு வயதில்! அவள் போய்விட்டால் உங்களுக்கெல்லாம் யார் வடித்துக் கொட்டுவது? மருமகள் வந்ததும் கரண்டியைக் கையில் கொடுக்க முடியுமா? "முதல்ல கிச்சன் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லி வாயை அடைத்து வைத்திருக்கிறேன். நீயும் போனில் அவளிடம் பேச்சுக் கொடுக்காதே. எப்படியும் நீ பேசுவதில்லை, அது நல்லதுதான்.

குளிரில் காதைக் கட்டிக்கொள். என் ஆயுளையும் சேர்த்து நீ வாழ வேண்டும்.

அம்மா

*

ராசாவுக்கு,

வெற்றிச் செய்தியோடு அம்மா எழுதுவது. நூற்றுக்குப் பதினெட்டு குறைந்திருக்கிறது. இன்னும் குறையும். எப்படி என்று கேள்.

ஏணியை நல்லதாக உடுத்திக்கொள்ளச் சொல்லி அழைத்துப் போனேன். யாருடைய கடை என்று சொல்லவில்லை. உள்ளே நுழைந்து அவனைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவன் நிமிர்ந்து, "வாங்க மேடம், எல் ஷேப் பாக்கறீங்களா, யூ ஷேப்பா?" என்றான். அடையாளமே தெரியவில்லை! பன்னிரண்டு வருஷம் கீலுக்கு எண்ணெய் போட்டவளுக்கு முகம் செத்துவிட்டது. பக்கத்தில் இருந்த டிராயரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றாள்.

எனக்கு வந்த காரியம்தானே முக்கியம்? "ஏம்ப்பா, இவளைத் தெரியலையா? எங்க வீட்டு அலமாரியை இழைச்சுட்டு இவளைத்தானே பொண்ணு கேட்டே?" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டேன். வாங்க வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் பெண்டாட்டியாம். "எனக்கு முன்னாடி நாலு வீட்ல கேட்டேன்னு சொன்னாரு. நீங்க எத்தனாவது வீடும்மா?" என்றாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. பேச்சை முடித்தால் போதும் என்று கொட்டேஷனை இழுத்து, "பழகின வீடு, பத்து பர்சன்ட் கொறைச்சுக்கலாம்" என்று எழுதினான். கூனிக் குறுகியது யாராக இருந்தால் என்ன, விலை இறங்கியதா இல்லையா?

அப்புறம் அடுப்பு மேடைக்கு அளவு எடுத்தார்கள். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே நின்று சமைக்கப் போகிறவர் கையை மடக்கி நிற்க வேண்டும். முழங்கைக்கு நாலு விரல் கீழே மேடை. அப்போதுதான் முதுகு வலிக்காதாம். சமைக்கிறது யார் என்று அவன் கேட்டான். நான் ஏணியை முன்னால் தள்ளிவிட்டேன். டேப்பைக் கையில் எடுத்தவன் என்ன நினைத்தானோ, பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டான். அவள்தான் அளந்தாள். "வரப்போற மருமக உயரம் என்னம்மா? இது ரொம்ப உசரமா வருதே. ஒரு தடவை கல்லு பதிச்சா மாத்த முடியாது" என்றான். "மருமக ராணி மாதிரி உக்காந்து சாப்பிடுவா. காலத்துக்கும் இவதான் நிப்பா" என்றேன். அப்படியானால் இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றான். போட்டேன்.

ஏணி அங்கே வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். வரைபடத்தைப் பார்த்து, மூலை அலமாரியைத் திறந்தால் கதவு ஃப்ரிட்ஜில் இடிக்கும் என்றாள். கடைக்காரி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். அவர்கள் ஆட்கள் மூன்று பேர் பார்த்தும் யார் கண்ணிலும் படவில்லையாம். பாத்திரம் எடுத்து வைக்கிறவளுக்குக் கதவு இடிப்பது தெரியாதா? இதில் என்ன அதிசயம்?

அதற்குப் பிறகு நான் போகவில்லை. கடைசித் தொகையை எல்லாம் மாட்டி முடித்த பிறகுதானே கொடுக்கப் போகிறோம்? அதுவரை பேரம் முடிந்ததாக அர்த்தமில்லை. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று அவளைத் தனியாக அனுப்ப ஆரம்பித்தேன். முதலில் வாரம் ஒரு நாள், இப்போது வாரத்துக்கு மூன்று நாள். விடியும் முன்னே எழுந்து எனக்கு மூன்று வேளைக்கும் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போகிறாள். சாயங்காலம் வருகிறாள். போய்ப் போய் வர, விலையும் இறங்கிக்கொண்டே வருகிறது. எப்படிக் குறைக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. கட்டிய பெண்டாட்டி கல்லாவில் இருக்கிறாளே, என்ன நடந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். எல்லாம் உனக்காகத்தானே.

நீ இதையெல்லாம் யோசித்துக் கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

*

மகனுக்கு,

இதைப் போன வாரமே எழுதியிருக்க வேண்டும். இரண்டு தடவை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன்.

அடுப்படி முடிந்துவிட்டது. சாம்பல் நிறக் கதவுகள், வெள்ளைக் கல், விளக்குப் போட்டால் கண் கூசுகிறது. டிராயர்கள் ஒரு சத்தமும் போடுவதில்லை. நூற்றுக்கு நாற்பது குறைந்தது. இந்தத் தெருவில் யாரும் இந்த விலைக்கு வாங்கியிருக்க முடியாது.

கடைசித் தொகையை வாங்க அந்தக் கடைக்காரியே வந்தாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "உங்க வீட்டுக்காரரு எங்க பொண்ணு முகத்துக்காக நாப்பது கொறைச்சிருக்காரு, நீங்களும் உங்க பங்குக்கு ரெண்டு கொறைங்க" என்றேன். அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நாங்க கொறைச்சது மொத நாள் பத்துதாம்மா. மீதி முப்பதும் உங்க பொண்ணு குடுத்தது. நாலு மாசமா எங்க கடையில பிளான் வரையுது, வீடு வீடாப் போய் அளவு எடுக்குது. சம்பளத்தை என் கையில குடுக்காதீங்க, எங்கம்மா பில்லுல கழிச்சுடுங்கன்னு சொல்லிடுச்சு" என்றாள். வேறு ஊரில் புதிதாக ஒரு கடை திறக்கிறார்களாம். அதை உன் அக்கா கையில் ஒப்படைக்கப் போகிறார்களாம். தங்க அறையும் கொடுக்கிறார்களாம்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஏணி கூடத்தில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

நான் அழவில்லை, ராசா. என் குணம் உனக்குத் தெரியும். பேரம்தான் பேசினேன். உன் கல்யாணம் வரைக்குமாவது இரு என்றேன். முடியாது என்று தலையை ஆட்டினாள். சரி, வாரத்துக்கு நாலு நாள் வந்து சமைத்துவிட்டுப் போ என்றேன். இரண்டு நாள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றேன். வாசல் வரைக்கும் பின்னாலேயே போய், மாதத்துக்கு ஒரு தடவை, முகத்தை மட்டும் காட்டிவிட்டுப் போ என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டே, கடையில் சொல்வார்களே அதே குரலில், "கட்டுப்படி ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். நீ எத்தனை கடையில் என்னோடு வந்திருக்கிறாய். அந்த வார்த்தைக்கு மேல் நான் எங்கேயாவது நின்றிருக்கிறேனா?

மேடை என் நெஞ்சுக்கு வருகிறது. அடுப்பில் வைத்த பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிவதில்லை. முக்காலி போட்டு ஏறி நின்று சமைக்கிறேன், இந்த முழங்காலோடு. நேற்று பெண்ணின் அம்மா பெண்ணையும் அழைத்துக்கொண்டு வந்தார். நல்ல பெண்தான், ஆனால் என்னைவிட இரண்டு விரல் குட்டை. மேடைக்கு முன்னால் போய் நின்றாள், தோளுக்கு மேலேதான் வெளியே தெரிந்தது. "இது யாருக்காகக் கட்டினது?" என்று அவள் அம்மா கேட்டார். யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்று போயிருக்கிறார்கள். அவர்கள் என்ன சொல்வார்களோ, நீ மனதைத் தளர விடாதே.

தச்சனுக்குப் போன் செய்து மேடையைக் கொஞ்சம் இறக்கித் தா என்று கேட்டேன். நான் போட்ட கையெழுத்தை ஞாபகப்படுத்தினான். கல்லை எடுத்தால் உடைந்துவிடும், மொத்தமும் புதிதாகத்தான் போட வேண்டும், முழு விலை ஆகும் என்றான். எவ்வளவு குறைப்பாய் என்றேன். "கொறைக்கறதுக்கு இல்லீங்கம்மா. அந்த அரை நாள் கூலியை வேணா அதோட சேத்துக் குடுத்துடுங்க" என்றான். அரை நாள் கூலி ஞாபகம் இருக்கிறவனுக்கு, அன்றைக்கு எதிரில் நின்றவளை மட்டும் அடையாளம் தெரியாமல் போயிருக்குமா? இதை அவளிடம் நீ சொல்லாதே.

நீ அவளுக்குக் கடிதம் எழுது. உன் கையெழுத்தில் அவளுக்கு ஒரு வரி போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. இருந்தாலும் தம்பி எழுதினால் படிக்காமலா இருப்பாள்? விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். திரும்பி வா என்று எழுத வேண்டாம். எனக்கு முழங்கால் வலி என்றும் எழுத வேண்டாம். கூடத்து அலமாரிக் கீல் கத்த ஆரம்பித்திருக்கிறது. புது அடுப்படியில் டிராயர் டிராயராகத் தேடிவிட்டேன், மேல் தட்டு எனக்கு எட்டவில்லை. எண்ணெயை எங்கே வைத்திருக்கிறாள் என்று மட்டும் கேட்டு எழுது.

நீ நன்றாக இரு. அவளையும் நன்றாக இருக்கச் சொல்.

அம்மா