நொச்சிப்பாடி ஏரியின் நீலப்பூண்டை அழிக்கும் ஆணை

நீர் நிற்க! நீரைத் தாங்கும் கரை நிற்க! கரையைக் காக்கும் கோல் நிற்க!

குன்றும் கடலும் எல்லையாகக் கொண்ட செங்குவட்டு நாட்டின் கோவேந்தர் ஆதன் இளவெயினர் மொழிந்தருள, ஏரிகாவல் அமைச்சன் கூத்தன் மாறன் எழுதும் ஓலை. தாழைக்கூற்றத்தின் தலைவரும், கரையுடைப்பில் தம் மார்பை வைத்து நின்றோர் வழிவந்தவருமாகிய நன்னாகனார் காண்க. தங்கள் கூற்றத்தில் விளைவும் கால்நடையும் மனைவிளக்கும் குறைவின்றி விளங்குக.

வாழ்த்துக்குப்பின் கூற வேண்டுவது துயரச் செய்தியே. மடையூர் ஏரி உடைந்தது. பெய்தது ஒரு கோடைமழைதான்; ஆயினும் மிகுநீர் வெளியேறும் கலிங்கை நீலப்பூண்டு அடைத்துக்கொண்டமையால், வெள்ளம் கரைமேல் ஏறி, கரையை அறுத்து, நெசவர் தெருவைச் சேற்றில் புதைத்தது.

அப்பூண்டு தாங்கள் அறியாததன்று. கடல்கடந்து வந்த அம்மலர்ச்செடியை, இளவரசியின் பெயர்சூட்டு விழாவில், அரசியார் பொலங்கொடியார் தம் பூங்காக் குளத்திலிருந்து ஊர்க்கொரு குடமாக அளித்தருளினார். அரச கொடையென்று ஊரார் அதனை மேளத்தோடு ஏரியில் விட்டனர். அதன் பூவைக் கிள்ளுவோரைப் பிடிக்கத் தாங்களும் காவல் வைத்தீர்கள். அன்பினால் வளர்த்தது ஏரிதோறும் கேடாய்ப் பரந்தது.

ஆம்பலென்று மயங்காதிருக்க அடையாளம் கூறுவேன். ஆம்பல் சேற்றில் வேரூன்றும். இதுவோ பற்றின்றி மிதக்கும். இலைக்காம்பு காற்றடைத்த பைபோல் பருத்திருக்கும். வேர் கருந்தாடிபோல் தொங்கும். ஊதாப்பூவின் மேலிதழில் மயிற்கண் ஒத்த மஞ்சட்புள்ளி உண்டு. அழகில் ஐயமில்லை. ஆயினும் ஒடிந்த துண்டும் தனிச்செடியாகும். விதை சேற்றில் பல்லாண்டு உறங்கும். அது மூடிய நீரில் வெயில் புகாது, மீன் செத்து மிதக்கும். புல்வெளியென்று இறங்கிய எருமை மீளாது.

மடையூரில் சாத்தி என்னும் நெசவுப்பெண் என் பல்லக்கை மறித்தாள். ஏரி போயிற்று, தெரு போயிற்று, தறியில் இருந்த என் வீட்டுக்காரரும் போனார், ஆனால் மகராசி பூவில் ஓரிதழும் வாடவில்லை, நிம்மதியாகப் போய்ச் சொல்லும் ஐயா என்றாள். அவ்வாறே அரசியாரிடம் சொன்னேன். அவர் தம் பூங்காக் குளத்தை வற்றச் செய்யுமாறு பணித்தார்.

இனி, தங்கள் கூற்றத்து நொச்சிப்பாடி. மடையூரினும் பெரிய ஏரி அது. அதன் கலிங்கும் அவ்வாறே அடைபட்டுள்ளது. ஐப்பசி மழையோ அணித்தே நிற்கிறது. ஆகலின், மலர்க்காவலரே முதலில் நீரில் இறங்குக. அறுக்காது வேரோடு வாருக. வாரியதை வாய்க்காலில் தள்ளாது, மேட்டில் உலர்த்தி எரிக்க. அரச மலரென ஊரார் தயங்கின், முதற்செடியைத் தங்கள் கையாலேயே பிடுங்கிக் காட்டுக.

கலிங்கு திறக்குமுன் மழை முந்துமாயின், கிழக்கே ஊர் இருத்தலால், மேற்குக்கரையை வெட்டுக. வெள்ளம் அக்கரையின் கீழுள்ள அரசியார் பூங்காவையும் மாளிகையையும் கொண்டு போய், அப்பால் உள்ள வயல்களில் பாயும். பாய்ந்த இடமெல்லாம் அப்பூண்டு முளைக்கும் என்பதையும் அறிவோம். அதனை ஆண்டுதோறும் குனிந்து பிடுங்குவதற்கு மக்கள் உயிரோடு இருத்தல் வேண்டும் என்பதே இவ்வாணையின் கருத்து.

கோவேந்தரின் ஆமைப்பொறியும், அதனருகே அரசியாரின் பொறியும் இவ்வோலையில் இடப்பட்டன. மாளிகையை விட்டு யாவரும் நீங்கினர். வெட்டத் தயங்க வேண்டா.