உன் மாத்திரை உறையைப் படித்துவிட்டேன்

என் தங்கமே மங்கா,

யாரையும் எழுதச் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. வருகிற பஸ் செங்கமா, போளூரா என்று இனி எவனையும் கேட்கவேண்டாம். அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு. அதில் நான்தான் மூத்த கிழவன்.

போன வாரம் டீச்சர், "வீட்டுல எழுத்து இருக்கிற எதையாச்சும் எடுத்துட்டு வாங்க" என்றார். உன் மாத்திரை உறையை எடுத்துப் போனேன். இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது, பிரஷரும் ஜாஸ்தி என்று ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களே, அந்தக் காகித உறை. நர்ஸம்மா பின்பக்கம் எழுதியிருந்ததை எழுந்து நின்று படித்தேன்.

"தினம் காலை ஒன்று. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. துடிப்பு ரொம்பக் குறைந்துவிடும்."

"அய்யா, ஒரு எடத்துலகூட தடுக்கல!" என்று டீச்சர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்த பிறகுதான் படித்தது புரிந்தது.

அந்தப் பௌர்ணமிக்கு நீ விரதம். சாப்பிட்டபின் போடும் மாத்திரை. சாப்பாடு இல்லை, அதனால் மாத்திரையும் இல்லை என்று விட்டுவிட்டாய். மறுநாள் காலை உன் உள்ளங்கையில் இரண்டை வைத்தது யார்?

"ஒண்ணு போதும்யா. எதிர்வீட்டுப் பொண்ணுகிட்ட உறையக் காட்டு, படிச்சுச் சொல்லும்."

"நேத்து ஏமாத்திட்ட, இன்னிக்கும் ஏமாத்தப் பாக்கிறியா? எனக்குத் தெரியாதா? போடு."

"ஆமா, பெரிய டாக்டரு."

சிரித்துக்கொண்டே விழுங்கினாய். மத்தியானத்துக்குள் குழாயடியில் விழுந்தாய். ஆட்டோ ஆஸ்பத்திரி சேரும்போது நீ இல்லை. என்ன நடந்தது என்று கேட்டார்கள். விரதம் இருந்தாள் என்றேன். பொய் இல்லையே?

அதைத்தான் நம் மகள் செல்வி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "பட்டினி கெடந்து உசுர உட்டுச்சு. நம்மள விட அதுக்கு விரதம்தான் பெருசு" என்று உன் படத்தைப் பார்த்துத் திட்டுகிறாள். நான் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பினேனா?

இப்போது எனக்கும் அதே துடிப்பு, அதே மாத்திரை. காலையில் ஒன்று. மறந்துபோனால் போனதுதான், சேர்த்துப் போடுவதில்லை. எவ்வளவு சுலபம் பார், மங்கா.

ஞாயிற்றுக்கிழமை செல்வி வருகிறாள். "கத்துக்கிட்டத படிச்சுக் காட்டுப்பா" என்று போனில் ஆசையாகக் கேட்டாள். இந்த உறையைத்தான் படிப்பேன். வைத்தது என் கை என்றும் சொல்வேன். அதன்பிறகு அவள் உன்னைத் திட்டமாட்டாள். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் புருஷன்,
கோவிந்தன்